மீனை விட்டுட்டாங்க, கணக்கை விடல: காவிரிக்கரை தூண்டில் முகாம் ஒன்றின் கதை

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுல எங்க தூண்டில் கிளப்பைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசினேன். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "பிடிச்ச மீனைத் திரும்பத் தண்ணியிலேயே விடுறீங்கன்னா, அப்புறம் எதுக்குப் பிடிக்கிறீங்க?"

நியாயமான கேள்வி. எங்க அம்மா இதை இன்னும் காரமாவே கேப்பாங்க. "காலையில நாலு மணிக்கு எழுந்து போய், சாயங்காலம் வெறுங்கையோட வர்றதுக்கு ஒரு கிளப்பு, அதுக்கு ஒரு சந்தா வேற!"

சந்தோஷமா இருக்கு, மனசு லேசாகுதுன்னு பதில் சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனா அதோட நிறுத்திட்டா பாதி பதில்தான். மீதிப் பாதிக்கு ஒரு கதை சொல்லணும். காவிரியில் வாழும் பெரிய மீன் ஒன்று கண்ணுக்கு முன்னாலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தது. அது ஒரு தூண்டில் முகாமின் பதிவேட்டிலிருந்து தெரியவந்தது. இன்னைக்கு அந்தக் கதைதான். கடைசியில் எங்க கிளப்பில் இந்த மாசம் எடுத்த ஒரு முடிவையும் சொல்றேன். அதில் உங்களுக்கும் வேலை இருக்கு.

முதலில் மீன்

மஹசீர். கெண்டை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. கெண்டைன்னதும் சந்தையில் பார்க்கிற சைஸை நினைக்காதீங்க. 1946-ல் காவிரியின் கிளை நதியான கபினியில் ஒரு மஹசீர் தூண்டிலில் சிக்கியது. எடை 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ. பிடித்தவர் மைசூரின் புகழ்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்தவர். வேட்டையில் கொன்ற புலி, சிறுத்தைகளைப் பாடம் செய்து கொடுத்த அதே குடும்பம்தான். மஹசீர் தூண்டிலில் இன்றும் உலகமே பேசும் அளவு அது.

காவிரியில் இருக்கும் மஹசீருக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. தலைக்குப் பின்னால் முதுகு திமில் மாதிரி எழும்பியிருக்கும். அதனால் ஆங்கிலத்தில் அதற்கு 'ஹம்ப்பேக்டு மஹசீர்' என்று பெயர். நாம் திமில் மஹசீர் என்றே வைத்துக்கொள்வோம். இந்த மீன் உலகத்திலேயே காவிரி ஆற்றிலும் அதன் கிளை ஆறுகளிலும் மட்டும்தான் உண்டு. வேறு எங்கேயும் கிடையாது. நம்ம மோயாறும் பவானியும் அமராவதிக்கு வரும் பாம்பாறும் அதே காவிரிக் குடும்பம்தான். ஆகவே இது ஏதோ பக்கத்து மாநிலத்துச் சங்கதி இல்லை.

பாறை நிறைந்த, வேகமாக ஓடும், சுத்தமான தண்ணீர் அதற்கு வேண்டும். தூண்டிலில் மாட்டினால் நேராகப் பாறை இடுக்குக்குள் பாயும். தங்கூசி பாறையில் உரசி அறுந்துவிடும். ரெண்டு பேர் பரிசலில் ஏறிப் பின்னாலேயே போய், ஒரு மணி நேரம் போராடி, கடைசியில் கையில் அறுந்த நரம்போடு திரும்பி வருவதெல்லாம் அங்கே சாதாரணம். இரை என்ன தெரியுமா? கேழ்வரகு. நல்லா வேகவைத்து, கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சை அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ உருட்டிய உருண்டை. உலகத்தின் விலை உயர்ந்த ரீல், கோல் எல்லாம் தூக்கிக்கொண்டு வந்த வெள்ளைக்காரர்களும் கடைசியில் நம்ம ஊர் களி உருண்டையைத்தான் முள்ளில் குத்தினார்கள்.

தோட்டாவும் தூண்டிலும்

சுதந்திரத்துக்குப் பிறகு தென்னிந்திய மஹசீரைப் பற்றி வெளியுலகம் ஏறக்குறைய மறந்தே போனது. ஆற்றில் தோட்டா போட்டு மீன் பிடிப்பது பரவியது. தோட்டா வெடித்தால் பெரிய மீன், குஞ்சு, முட்டை என்று எதுவும் மிஞ்சாது.

1972-ல் பெங்களூரில் 'வைல்ட்லைஃப் அசோசியேஷன் ஆஃப் சவுத் இந்தியா' என்ற சங்கம் தொடங்கியது. சுருக்கமாக 'வாசி' என்பார்கள். தூண்டில் ஆர்வலர்கள் நிறைந்த சங்கம். அவர்கள் செய்த வேலை எளிமையானது: காவிரியில் ஒரு நீளத்தை அரசிடம் குத்தகைக்கு எடுத்து, காவலுக்கு ஆள் போட்டு, தோட்டா போடுபவர்களைத் தடுத்தார்கள். 1977-ல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய ஒரு சிறு தூண்டில் குழு காவிரிக்கு வந்து பெரிய பெரிய மஹசீர்களைப் பிடித்தது. அந்தச் செய்தி வெளியே போனதும் உலகம் முழுக்க உள்ள தூண்டில்காரர்கள் காவிரியைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

பிறகு கர்நாடக அரசின் 'ஜங்கிள் லாட்ஜஸ்' நிறுவனமும் ஆற்றோரம் முகாம்கள் அமைத்தது. மேப்பில் பார்த்தீங்கன்னா, சிவசமுத்திரம் அருவிக்குக் கீழே தொட்டமாகாளி, பீமேஸ்வரி, காலிபோர் என்று வரிசையாக இருக்கும். அதைத் தாண்டினால் சங்கமம், மேகதாது, அப்புறம் நம்ம ஒகேனக்கல்.

இந்த முகாம்களில் ரெண்டு விதிகள். ஒன்று, பிடித்த மீனை உயிரோடு திரும்ப விட வேண்டும். இன்னொன்று, பிடித்ததை எழுதி வைக்க வேண்டும். வழிகாட்டிகளாக அந்தந்த ஊர்க்காரர்களையே வேலைக்கு எடுத்தார்கள். அவர்களில் சிலர் முன்னால் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் எந்த மாதத்தில் மீன் நிற்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? செத்த மீன் ஒரு நாள் கூலி. உயிரோடு இருக்கும் மீன் வருஷம் முழுக்கச் சம்பளம். அந்தக் கணக்கு அவர்களுக்குப் புரிய ரொம்ப நாள் ஆகவில்லை.

பதிவேட்டில் என்ன இருந்தது

காலிபோர் முகாமின் பதிவேடுகளை எடுத்துக்கொள்வோம். 1998 முதல் 2012 வரை. எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், எத்தனை மீன், ஒவ்வொன்றும் என்ன எடை என்பதெல்லாம் அதில் இருந்தது. எழுதியவர்கள் யாரும் விஞ்ஞானிகள் இல்லை. சாயங்காலம் முகாமுக்குத் திரும்பி, டீ குடித்துக்கொண்டே, 'இன்னைக்கு நான் இவ்வளவு பெருசு பிடிச்சேன்' என்று பெருமைக்காக எழுதியவர்களே அதிகம் இருந்திருப்பார்கள்.

இங்கிலாந்தின் போர்ன்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டர், கேரளத்து மீன் ஆய்வாளர் ராஜீவ் ராகவன் முதலானோர் இந்த நோட்டுகளை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். மொத்தம் 23,620 மணி நேரம். பிடித்து விட்ட மஹசீர்கள் 6,161. மிகச் சிறியது 1 பவுண்டு, மிகப் பெரியது 104 பவுண்டு, அதாவது சுமார் 47 கிலோ. வகுத்துப் பாருங்க. ஒரு மீனுக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். எங்க அம்மாகிட்ட இந்தக் கணக்கை நான் இன்னும் காட்டலை.

இதில் முக்கியமான விஷயம் அந்த மணி நேரம்தான். 'இன்னைக்கு மூணு மீன்' என்று மட்டும் எழுதினால் அதற்கு அர்த்தம் கிடையாது. ரெண்டு மணி நேரத்தில் மூணு மீனா, ரெண்டு நாளில் மூணு மீனா? நேரம் தெரிந்தால்தான் போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். ஆற்றுக்குள் இறங்கி மீன்களை எண்ண யாராலும் முடியாது. அதுவும் பாறையும் சுழலுமாக இருக்கும் காவிரியில், முதலை வேறு இருக்கும் இடத்தில், வலை போட்டு ஆய்வு செய்வதும் கஷ்டம். அப்போது தூண்டில்காரர் செலவழித்த மணி நேரம்தான் அளவுகோல்.

நல்ல செய்தி, அதற்குள் கெட்ட செய்தி

முதல் கணக்கு சந்தோஷமான முடிவைக் கொடுத்தது. வருஷம் போகப் போக, ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. சராசரி எடை குறைந்திருந்தது. அதாவது இளசுகள் நிறைய வந்திருக்கின்றன. காவல் போட்டதும் மீனைத் திரும்ப விட்டதும் பலன் கொடுத்திருக்கின்றன. எல்லாரும் கை தட்டலாம்.

ஆனால் எல்லா மஹசீரும் ஒரே மஹசீர் இல்லை. ஆய்வாளர்கள் பதிவுகளையும் பழைய புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு, எந்த வகை மீன் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தபோது படம் தலைகீழாக மாறியது. கூடியிருந்தது திமில் மஹசீர் இல்லை. நீலத்துடுப்பு மஹசீர் என்ற வேறு இனம். அது காவிரிக்குச் சொந்தமானதே அல்ல. திமில் மஹசீர் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. கிடைத்த சிலவும் பெரிய, வயதான மீன்கள். குட்டி மீன்கள் மேலே வரவில்லை. ஒரு ஊரில் தாத்தா பாட்டி மட்டும் இருந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே இல்லை என்றால் அந்த ஊர் என்ன ஆகும்? அந்த நிலைமை.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால், ஒரு மீன் இனம் அழிந்துகொண்டிருக்கும்போதே நாம் 'மஹசீரைக் காப்பாற்றிவிட்டோம்' என்று விழா எடுத்திருப்போம்.

அந்த நீலத்துடுப்பு மீன் எப்படி வந்தது? மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் மீன் பண்ணை இருக்கிறது. 1970-களிலிருந்து அங்கே மஹசீரைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்து வருகிறார்கள். அங்கிருந்து குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளுக்குப் போயின. காவிரிக்கும் வந்தன. அனுப்பியவர்களும் வாங்கி ஆற்றில் விட்டவர்களும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். மஹசீர் குறைகிறது, மஹசீரை விடுவோம். அன்றைக்கு எல்லாம் ஒரே மீன் என்றுதான் நினைத்தார்கள். கிருஷ்ணா பக்கத்து மீனைக் காவிரியில் விடுகிறோம் என்ற யோசனையே அப்போது பெரிதாக எழவில்லை.

காரணம் அது ஒன்று மட்டும் என்று சொல்லவும் முடியாது. அணைகள், மணல் அள்ளுதல், தோட்டா, கழிவு நீர் என்று காவிரிக்கு வந்த கஷ்டங்களின் பட்டியல் நீளம். ஆனால் அந்தப் பட்டியலில் நம்முடைய நல்லெண்ணமும் ஓரிடம் பிடித்துவிட்டது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துகிற பகுதி இதுதான்.

பெயர் இல்லாத மீன்

இன்னொரு சிக்கலும் இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் தூண்டில்காரர்கள் கொண்டாடிய இந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர் இல்லை. எந்த இனம் என்பதிலேயே குழப்பம். பெயர் இல்லாவிட்டால் அழிவைச் சந்திக்கும் உயிரினங்களின் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் அதைச் சேர்க்க முடியாது. ஆதார் இல்லாதவருக்கு ரேஷன் கார்டு எப்படி எடுப்பது என்ற மாதிரி.

2018-ல் அந்த முடிச்சு அவிழ்ந்தது. முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவில் ஓடும் நம்ம மோயாற்றில் திமில் மஹசீர்கள் கிடைத்தன. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலன் உட்பட ஒரு குழு அவற்றின் உடலமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்தது. கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சின்ன மீன்களை வைத்து ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருந்த 'டோர் ரேமாதேவி' என்ற இனமும் காவிரியின் ராட்சத மீனும் ஒன்றே என்று தெரிந்தது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் கே. ரேமா தேவியைக் கௌரவிக்கும் பெயர் அது. பெயர் உறுதியான அதே 2018-ல் சிவப்புப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. எந்த இடம்? 'மிக ஆபத்தான நிலை'. அதற்கு அடுத்த படி, காட்டில் இல்லை என்பதுதான்.

2012-க்கு அப்புறம்

காலிபோர் பதிவேடு 2012-உடன் நின்றுவிட்டது என்றேன் இல்லையா? அந்த இடம் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையாகவே கருதப்பட்டு, அங்கே தூண்டில் விளையாட்டு நிறுத்தப்பட்டது.

இதில் ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. 'சரணாலயம் என்றால் சரணாலயம்தான், பணக்காரர்களின் பொழுதுபோக்குக்கு மட்டும் விலக்கு எதற்கு? முள் குத்தினால் மீனுக்கு வலிக்காதா?' என்று கேட்பவர்களிடம் எனக்குச் சுலபமான பதில் கிடையாது. பிடித்து விட்ட மீன்களில் சில பிறகு சாகலாம் என்பதும் உண்மை.

மறுபக்கம், முகாம் நடந்த வரை ஆற்றோரம் தினமும் ஆள் நடமாட்டம் இருந்தது. தோட்டா போட வருபவனுக்குப் பயம் இருந்தது. பரிசல்காரருக்குச் சம்பளம் இருந்தது. நோட்டில் வரி ஏறியது. தூண்டிலை நிறுத்தியதோடு அந்தக் கணக்கும் நின்றுபோனது.

என் கருத்தைக் கேட்டால், தடை சரியா தப்பா என்ற சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். தூண்டில் போடுவதை நிறுத்துவது ஒரு முடிவு. கணக்கு எடுப்பதை நிறுத்துவது தனியான இன்னொரு முடிவு. முதலாவதை எடுக்கும்போது ரெண்டாவதும் தானாக நடந்துவிட விடக்கூடாது. அந்த வேலையை அரசோ பல்கலைக்கழகமோ ஊர்க்காரர்களோ, யாராவது ஒருத்தர் உடனே கையில் எடுக்கணும். காவிரியில் அந்த 15 வருஷக் கணக்கு இல்லை என்றால், திமில் மஹசீர் போனது நமக்குத் தெரிந்தே இருக்காது.

எங்க கிளப்பின் முடிவு

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். எங்க கிளப் ரொம்பச் சின்னது. முட்டுக்காடு, கோவளம், சென்னையைச் சுற்றி அனுமதி உள்ள சில ஏரிகள், அவ்வளவுதான். மஹசீர் கிடையாது. கொடுவா, விரால், ஜிலேபி கெண்டை. எங்க வாட்ஸ்அப் குரூப்பில் இத்தனை நாள் வந்ததெல்லாம் பெரிய மீனோட போட்டோ மட்டும்தான்.

இந்த மாசக் கூட்டத்தில் ஒரு ஷேர்டு ஷீட் ஆரம்பிக்க முடிவு பண்ணியிருக்கோம். ஆறு காலம்தான்: தேதி, இடம், எத்தனை மணி நேரம், எந்த வகை மீன், நீளம், விட்டோமா எடுத்துட்டுப் போனோமா. கூடவே பக்கவாட்டில் ஒரு போட்டோ, துடுப்பு தெளிவா தெரியிற மாதிரி.

பெரிய விவாதம் எதுல வந்துச்சுன்னா, ஒண்ணுமே கிடைக்காத நாளையும் எழுதணுமாங்கிறதுல. "ஏழு மணி நேரம் வெயில்ல நின்னு பூஜ்யம்னு எழுதச் சொல்றியா? அசிங்கமா இருக்கும்டா"ன்னு ஒரு நண்பர். ஆனா கணக்குக்கு அந்தப் பூஜ்யம் வேணும். கிடைச்ச நாளை மட்டும் எழுதினா, ஏரியில மீனே இல்லாம போற வரைக்கும் நம்ம ஷீட் ரொம்ப ஆரோக்கியமா இருக்கும். ஓட்டெடுப்பு வெச்சோம். பூஜ்யம் ஜெயிச்சுடுச்சு.

நீங்க தூண்டில் போடுறவரா இருந்தா, இதே மாதிரி இன்னைக்கே ஆரம்பிங்க. மீனைத் திரும்ப விடறதா இருந்தா சில விஷயங்கள்: கையை நனைச்சுக்கிட்டுத் தொடுங்க, காய்ந்த கை மீனோட வழுவழுப்பை உரிச்சிடும். எதிர்முள் இல்லாத தூண்டில் முள் பயன்படுத்துங்க, சுலபமா கழட்டலாம். செவுளுக்குள்ள விரலை விடாதீங்க. போட்டோவுக்காக ரொம்ப நேரம் வெளியில வெச்சிருக்காதீங்க. விடும்போது தண்ணியிலேயே தாங்கிப் பிடிங்க, அதுவா வாலை அடிச்சுக் கிளம்பட்டும்.

தூண்டிலே போடாதவங்களுக்கும் ஒண்ணு இருக்கு. வீட்டுத் தொட்டியில வளர்த்த மீன் பெருசாயிடுச்சு, பாவம்னு ஏரியில கொண்டுபோய் விடாதீங்க. நம்ம ஊர் ஏரிகள்ல வலை போட்டா முள்ளு முள்ளா ஏறி வர்ற சக்கர் மீன் பல இடங்களுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. மீனவர்களுக்கு வலையும் கிழியும், விலையும் கிடைக்காது. எந்த மீன் எந்தத் தண்ணிக்குச் சொந்தம்னு தெரியாம விடுற மீன் என்ன செய்யும்னு காவிரியிலயே பார்த்தோம்.

அப்ப அந்த முதல் கேள்விக்கு என் பதில் இது: பிடிக்கிறது எங்க சந்தோஷத்துக்கு. விடுறது மீனோட நன்மைக்கு. எழுதி வைக்கிறது, நமக்கு அப்புறம் அந்தத் தண்ணியில என்ன இருந்துச்சுன்னு தேடப்போற யாரோ ஒருத்தருக்கு.

உங்க ஊர் ஆறு, குளத்துல முன்னாடி இருந்து இப்ப காணாம போன மீன் எதுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேரு அவங்க சொல்ற மாதிரியே சொல்லுங்க. வர்றதைத் தொகுத்து ஒரு எபிசோடு பண்ணலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.